இன்டர்நெட் ஏன் வரவில்லை?



இன்றைய பேச்சு ஒரு சின்ன விஷயத்தைப் பற்றியது. அதைக் கையில் பிடிக்க முடியாது. கண்ணாலும் பார்க்க முடியாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு புரோகிராம் அது. அதன் பெயர் டிரைவர். அது இல்லாவிட்டால் நல்ல கம்ப்யூட்டர் கூட இன்டர்நெட் இல்லாமல் ஊமையாக உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் பலர் பணத்தை இழக்கிறார்கள். சிலர் அதைவிடப் பெரியதை இழக்கிறார்கள்.

ஒரு காட்சியிலிருந்து தொடங்கலாம். நாட்டின் எந்த மூலையிலும் நடக்கக்கூடிய காட்சிதான்.

2025 நவம்பர் மாதம், கடைசி வாரம். ஒரு ரயில் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு பொதுச் சேவை மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட மையங்கள் 2006-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் நாடெங்கும் வந்தவை. ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கைரேகை வைக்கும் ஒரு சின்னக் கருவி. மையத்தை நடத்துபவர் ஓர் இளம்பெண்.

அங்கே ஒரு மூதாட்டி வருகிறார். அவருடைய கணவர் ரயில்வேயில் கேங்மேனாக வேலை பார்த்துக் காலமானவர். மூதாட்டிக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. அந்த பென்ஷன் தொடர வேண்டுமானால், ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். தராவிட்டால், சான்று வரும்வரை பணம் நின்றுவிடும். முன்பெல்லாம் இதற்கு பாங்குக்கு நேரில் போக வேண்டும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற திட்டம் வந்தது. அதன் பிறகு ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொடுத்து, இன்டர்நெட் வழியாகவே சான்று அனுப்பலாம். 2021 நவம்பரிலிருந்து போனில் முகத்தைக் காட்டியும் அனுப்பலாம். ஆனால் மூதாட்டியிடம் இருப்பது பொத்தான் போன். மையத்துப் பெண்ணின் போனும் பழையது. முகம் காட்டும் ஆப் அதில் ஓடவில்லை. ஆகவே கம்ப்யூட்டர்தான் கதி.

பெண் கையை விரிக்கிறார்.

"நெட் இல்லையே அம்மா. மூணு நாளா இல்லை. டவுன்ல கேட்டேன். போர்டு போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. அதுக்குப் பணம் புரட்டணும்."

"மாசம் முடிய அஞ்சு நாள்தானே இருக்கு மகளே?" என்கிறார் மூதாட்டி. பிறகு சற்று யோசித்து, "எப்போலேருந்து வரலை?" என்று கேட்கிறார்.

"புது விண்டோஸ் போட்டாங்க அம்மா. அன்னியிலிருந்து."

இங்கே ஒரு விவரம். விண்டோஸ் 10 என்ற இயக்க முறைக்கு இலவசமாகத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதனால் பல பேர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். இந்தப் பெண்ணும் மாறினார். பழையதை முழுவதும் அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினார்கள்.

"அதுக்கு முன்னாடி நெட் வந்ததா?"

"நல்லா வந்தது."

"அப்போ போர்டு எப்படிப் போகும்? எங்க வீட்டுக்காரர் சொல்வாரு. வண்டி நின்னுபோச்சுன்னா, கடைசியா எங்கே வேலை நடந்துச்சோ அங்கே போய்ப் பாருன்னு."

கேங்மேனின் இந்தப் பேச்சில் பெரிய அறிவு இருக்கிறது. ஒரு பொருள் நேற்று ஓடியது. இன்று அதில் ஒன்றை மாற்றினார்கள். மாற்றியதும் நின்றுவிட்டது. அப்படியானால் சந்தேகம் மாற்றியதன் மேல்தான் முதலில் விழ வேண்டும். மாற்றப்பட்டது விண்டோஸ். போர்டை யாரும் தொடவில்லை.

சரி, விண்டோஸை மாற்றினால் இன்டர்நெட் ஏன் போக வேண்டும்? இதற்கு பதில் தெரிய வேண்டுமானால், உள்ளே இருக்கும் மூன்று பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் ஆள் நெட்வொர்க் கார்டு. இன்டர்நெட் வயரைச் செருகும் துளைக்குப் பின்னால் இருக்கும் மின்னணுப் பகுதி. வயர் இல்லாமல் வைஃபை வாங்குவதற்குத் தனிக் கார்டு உண்டு. இப்போதெல்லாம் வயர் கார்டு பெரும்பாலும் தாய்ப் பலகையிலேயே, அதாவது மதர்போர்டிலேயே, சேர்ந்து வருகிறது. இரண்டாவது ஆள் விண்டோஸ். வீட்டு நிர்வாகம் முழுவதும் அவர் கையில். ஆனால் இந்த இருவருக்கும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. கார்டுகளைப் பல கம்பெனிகள் செய்கின்றன. ஒவ்வொன்றின் பாஷையும் வேறு. எல்லா பாஷையையும் விண்டோஸ் கற்றுவைத்திருக்க முடியாது.

அதனால் மூன்றாவது ஆள் வேண்டும். அவர்தான் டிரைவர். லாரி ஓட்டும் டிரைவரை நினைத்துக் குழம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் துபாஷி என்று ஒரு வேலை இருந்தது. இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்ஸிடம் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார். ஆளுநருக்கும் ஊருக்கும் இடையில் பேச்சு அவர் வழியாகத்தான் போகும், வரும். கம்ப்யூட்டர் டிரைவரும் அப்படி ஒரு துபாஷிதான். விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குச் சொல்கிறது. கார்டு சொல்வதை விண்டோஸுக்குச் சொல்கிறது.

பழைய விண்டோஸை அழித்தபோது பழைய துபாஷியும் அழிந்துபோனார். புதிய விண்டோஸ் தன்னோடு ஆயிரக்கணக்கான டிரைவர்களைக் கொண்டுவருகிறது. பெரும்பாலான கார்டுகளுக்கு அதுவே போதும். சில கார்டுகளுக்கு மட்டும் இராது. அப்போது கார்டு நன்றாகவே இருக்கும். ஆனால் அதனோடு பேச ஆள் இராது.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. முதலில் எளிய காரணங்களைத் தள்ளிவிட வேண்டும். வயர் சரியாகச் செருகி இருக்கிறதா? பக்கத்து மோடத்தில் விளக்கு எரிகிறதா? அதே வைஃபையில் ஒரு போனைச் சேர்த்தால் நெட் வருகிறதா? போனிலும் வராவிட்டால் குற்றம் கம்ப்யூட்டரில் இல்லை. லைனில் இருக்கிறது. போனில் வந்து, கம்ப்யூட்டரில் மட்டும் வராவிட்டால் உள்ளே பார்க்கலாம்.

திரையில் ஸ்டார்ட் என்ற பொத்தான் இருக்கிறது. அதன் மேல் மௌஸின் வலது பக்கத்தை அழுத்த வேண்டும். ஒரு பட்டியல் வரும். அதில் டிவைஸ் மேனேஜர் என்று இருக்கும். அதைத் திறந்தால், கம்ப்யூட்டரில் உள்ள எல்லா உறுப்புகளின் பெயரும் வரிசையாக வரும். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு போலத்தான். அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியைத் தேட வேண்டும்.

அங்கே கார்டின் பெயர் இருந்து, அதன் மேல் கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறி இருந்தால், யாரோ கார்டை அணைத்துவைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து எனேபிள் என்பதை அழுத்தினால் போதும். மஞ்சள் முக்கோணமும் அதற்குள் ஆச்சரியக் குறியும் இருந்தால், டிரைவரில் கோளாறு இருக்கலாம். கார்டின் பெயரே அங்கு இல்லாமல், அதர் டிவைசஸ் என்ற தலைப்பில் ஈதர்நெட் கண்ட்ரோலர் என்றோ நெட்வொர்க் கண்ட்ரோலர் என்றோ மஞ்சள் குறியோடு இருந்தால், டிரைவர் இல்லவே இல்லை என்று பொருள். ஈதர்நெட் என்றால் வயர் கார்டு. நெட்வொர்க் என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் வைஃபை கார்டு.

மஞ்சள் குறி கெட்ட செய்தி என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் அது நல்ல செய்தி. கார்டு உயிரோடு இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன் என்று குரல் கொடுக்கிறது என்று அர்த்தம். முழுவதும் செத்துப்போன கார்டு பட்டியலில் மஞ்சள் குறியாகக் கூட வராது. அப்படியே செத்திருந்தாலும் தாய்ப் பலகையை மாற்ற வேண்டியதில்லை. யு.எஸ்.பி. துளையில் செருகும் சின்ன நெட்வொர்க் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. "போர்டு போச்சு" என்று சொன்னவர் இந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தாரா என்று கேட்பதில் தவறே இல்லை.

மையத்துப் பெண் பட்டியலைத் திறந்தார். ஈதர்நெட் கண்ட்ரோலர், மஞ்சள் குறி.

இனி அந்தக் கார்டுக்கு ஏற்ற டிரைவரைத் தேட வேண்டும். எந்தக் கம்பெனி கார்டு என்று எப்படித் தெரியும்? பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. அந்த மஞ்சள் வரியில் வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ், அதில் டீடெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடீஸ் என்று போனால், எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான வரி வரும். ரயில் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண் மாதிரி. அதில் வி.இ.என். என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு குறிகள் கம்பெனியைச் சொல்லும். டி.இ.வி. என்பதற்குப் பின்னால் வரும் நான்கு குறிகள் எந்த மாதிரி என்று சொல்லும். 8086 என்றால் இன்டெல். 10இ.சி. என்றால் ரியல்டெக். 14இ.4 என்றால் பிராட்காம். 8086 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1978-ல் இன்டெல் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் பெயரும் அதுதான்.

பெண் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். போனை எடுத்துத் தேடப்போனார். மூதாட்டி தாளை வாங்கி, திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது அவருக்கு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் அங்கேதான் கற்றார். ரயில் பெட்டி எண்ணைத் தாமே படிக்க வேண்டும் என்று ஆசை.

"இது என்ன மகளே, ஒண்ணுக்குப் பக்கத்துல ஓ-ன்னு எழுதியிருக்கே? அங்கே சைபர்னா இருக்கு?"

பெண் பார்த்தார். உண்மைதான். ஒன்று, சைபர், இ, சி. அவசரத்தில் சைபரை ஓ என்ற எழுத்தாக எழுதிவிட்டார். இந்த நான்கு குறிகளில் ஓ என்ற எழுத்து வரவே வராது. 0 முதல் 9 வரை எண்கள், ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகள், மொத்தம் 16 குறிகள்தான். கம்ப்யூட்டர்க்காரர்கள் பதினாறின் கணக்கில் எண்ணுவார்கள். பள்ளிப் பாடத்தில் பத்தின் கணக்கு. பழைய நாணயக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஆகவே நம் பாட்டன் பாட்டிக்குப் பதினாறு ஒன்றும் புதிதல்ல.

கம்பெனி 10இ.சி., மாதிரி 8125. ரியல்டெக் கம்பெனியின் வயர் கார்டு. ஆளைப் பிடித்தாகிவிட்டது. ஆனால் இப்போதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் வருகிறது. டிரைவர் இருப்பது இன்டர்நெட்டில். டிரைவர் இல்லாமல் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வராது. பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கிற கதை!

வழி உண்டு. இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவரலாம். அதைவிடச் சுலபமான வழி, ஆண்ட்ராய்டு போனை சார்ஜ் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைப்பது. பிறகு போனின் செட்டிங்ஸில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்க வேண்டும். உடனே கம்ப்யூட்டர் அந்தப் போனையே ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. போனில் உள்ள இன்டர்நெட் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில மலிவான கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். தகவலைக் கடத்தாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

முகம் காட்டும் ஆப் ஓடாத அதே பழைய போன், இந்த வேலையைச் செய்தது. நெட் வந்தது.

நெட் வந்தபின் பல சமயம் விண்டோஸ் தானே டிரைவரைத் தேடிப் போட்டுக்கொள்ளும். சற்று நேரம் காத்திருக்கலாம். போடாவிட்டால் கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனியின் சொந்த இணையப் பக்கத்துக்குப் போய், பெட்டியின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். அங்கே இல்லாவிட்டால் கார்டு கம்பெனியின் பக்கம். எந்த விண்டோஸுக்கு என்று பார்த்து இறக்க வேண்டும். இறக்கியது செட்டப் என்று இருந்தால் இருமுறை கிளிக் செய்தால் போதும். சுருக்கிக் கட்டிய மூட்டையாக, அதாவது ஜிப்பாக, இருந்தால் பிரித்து ஒரு இடத்தில் வைக்க வேண்டும். பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் வரியில் வலது கிளிக், அப்டேட் டிரைவர், அதில் பிரவுஸ் மை கம்ப்யூட்டர் என்பதைத் தேர்ந்து, அந்த இடத்தைக் காட்ட வேண்டும். முடிந்ததும் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுவது நல்லது.

கைரேகைக் கருவிக்கும் இதே கதைதான். புது விண்டோஸில் அதற்கும் டிரைவர் இருக்காது. அதையும் அதைச் செய்த கம்பெனியின் பக்கத்திலிருந்தே போட வேண்டும். பிரிண்டருக்கும் அப்படித்தான். மையத்துப் பெண்ணுக்கு அன்று மதியம் முழுவதும் இந்த வேலையே சரியாக இருந்தது.

அவர் டிரைவரைத் தேடும்போது திரையில் வேறொன்றும் வந்தது. சிவப்பு எழுத்தில், "உங்கள் கம்ப்யூட்டரில் 27 டிரைவர்கள் பழசாகிவிட்டன, உடனே சரிசெய்ய இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு விளம்பரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த விளம்பரம் கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. யார் திறந்தாலும் அதே 27 தான். அழுத்தினால் ஏதோ ஒரு புரோகிராம் இறங்கும். அது பணம் கேட்கலாம். கேட்காமலே உள்ளே உட்கார்ந்து தகவலைத் திருடலாம். டிரைவர் என்பது வீட்டின் கூடம் வரை வருகிற விருந்தாளி அல்ல. பல டிரைவர்கள் சமையலறை, பெட்டியறை வரைக்கும் உரிமையோடு போய்வருபவை. ஊர் பேர் தெரியாதவரை அந்த இடத்துக்கு விடக் கூடாது. போனில் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று சொல்பவரும் இந்தக் கூட்டம்தான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் தர வேண்டும்.

உள்ளறை வரைக்கும் போகும் புரோகிராமில் சின்னப் பிழை இருந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்பெனியின் பாதுகாப்புப் புரோகிராம் பல பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் இருந்தது. அது டிரைவர் வடிவில் உள்ளறையில் ஓடுவது. அதற்கு அனுப்பிய ஒரு தகவல் கோப்பில் பிழை. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு நின்றுபோயின. இந்திய விமான நிலையங்களிலும் கூட்டம் தேங்கியது. கையால் எழுதிய சீட்டோடு பயணிகள் விமானம் ஏறினார்கள். அத்தனையும் ஒரே காலையில்.

ஆகவே டிரைவரை அடிக்கடி புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சரியல்ல. நன்றாக ஓடுகிற நெட்வொர்க் டிரைவரை, புதுசு வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் தொட வேண்டாம். நெட் விட்டுவிட்டு வந்தால், பாதுகாப்புக் குறை என்று கம்பெனியே அறிவித்தால், விண்டோஸ் மாறினால் புதுப்பிக்கலாம். புதியதைப் போட்டபின் நிலைமை மோசமானால் பழையதற்குத் திரும்ப வழி உண்டு. பிராப்பர்டீஸில் டிரைவர் என்ற பகுதியில் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான் இருக்கும். ஆனால் பழைய டிரைவர் உள்ளே இருந்தால்தான் அந்தப் பொத்தான் வேலை செய்யும்.

டிரைவரைத் தேடி அலையும் தொல்லை லினக்ஸ் என்ற இயக்க முறையில் குறைவு. அதன் மூலப் புரோகிராம் எல்லோருக்கும் திறந்திருப்பது. பெரும்பாலான கார்டுகளின் டிரைவர்கள் அதிலேயே சேர்ந்து வரும். சில வைஃபை கார்டுகள் மட்டும் அங்கேயும் தகராறு செய்யும். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இப்படிப்பட்ட கட்டற்ற மென்பொருளில்தான் படிக்கிறார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் பாஸ் என்ற பெயரில் ஒரு லினக்ஸை உருவாக்கியது. ஆனால் மையங்களின் கைரேகைக் கருவி விண்டோஸைக் கேட்டால், மையத்துக்காரர் என்ன செய்வார்? அதையும் யோசிக்க வேண்டும்.

மாலை நாலு மணிக்கு மூதாட்டியின் விரல் கருவியில் பதிந்தது. முதல் இரண்டு தடவை ஏற்கவில்லை. கல்லும் மண்ணும் தொட்ட விரல், ரேகை தேய்ந்திருந்தது. மூன்றாவது தடவை வேறு விரலை வைத்தார்கள். ஏற்றுக்கொண்டது. சான்றுக்கான எண்ணோடு தாள் பிரிண்டரில் வந்தது. மூதாட்டி அதில் தம் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். பிறகு பென்ஷன் எண்ணைத் தம் புத்தகத்தோடு ஒப்பிட்டார்.

பெண் ஒரு பழைய பென் டிரைவை எடுத்தார். அன்று இறக்கிய மூன்று டிரைவர்களையும், வயர் கார்டு, கைரேகைக் கருவி, பிரிண்டர் என்று தனித்தனியாக அதில் போட்டார். அடுத்த முறை யார் விண்டோஸை அழித்தாலும் கையில் இருக்கும். அதில் சிவப்பு நூலைக் கட்டி, மின்சார மீட்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். நூலில் தொங்கவிட ஒரு அட்டைத் துண்டைக் கிழித்தார்.

"என்ன எழுதட்டும் அம்மா?"

மூதாட்டி அட்டையை வாங்கிக்கொண்டார். பேனாவை இறுகப் பிடித்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில் வி, இ, என் என்று எழுதினார். அதன் கீழே 10இ.சி. என்றும் 8125 என்றும் எழுதினார். சைபரின் நடுவே ஒரு கோடு போட்டார், ஓ என்று யாரும் படித்துவிடாதபடி.